ஊரில் இருந்தே ஆப் எழுதிப் பிழைக்க: எதை முதலில், எதை அப்புறம்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு ஆண்ட்ராய்டு ஆப் எழுதி, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறேன். நெல் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர்களுக்கான மணிக்கணக்கு ஆப்தான் சோறு போடுகிறது. கூடவே குழி, மா, ஏக்கர் என்ற நில அளவுகளை மாற்றிப் பார்க்க ஒரு இலவச ஆப், அப்புறம் வருஷத்துக்கு மூன்று நாலு உள்ளூர் ஆர்டர். யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளில் பலருக்கு என்னைவிட நன்றாகவே கோடிங் வரும். இருந்தும் எட்டு மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் அவர்கள் கோட்டை விடுவது வரிசையில்தான். நாற்றங்கால் விடாமலே நடவுக்கு ஆள் சொல்லிவிட்ட மாதிரி, வாங்கப் போகிறவர் யாரென்று தெரியாமலே ஆப்பை முடித்துவிடுகிறார்கள். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன், எதைத் தாண்டிப் போனால் எங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்து.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு வருஷ வீட்டுச் செலவுக்கான பணம், அல்லது அதை ஈடுகட்டும் பகுதி நேர வேலை. ஆறு மாதம் போதும் என்று நானும் நினைத்திருந்தேன், போதவில்லை. ஆள் தேட ஒரு மாதம், எழுத இரண்டு மாதம், சோதனைக்கும் ஒப்புதலுக்கும் ஒரு மாதம், அதற்குப் பிறகு முதல் அறுவடை சீசன் வரும்வரை காத்திருப்பு என்று நாள் ஓடிவிடும். கையில் காசு இல்லாதவர் எந்த ஆர்டர் வந்தாலும் ஒத்துக்கொள்வார், சொந்த ஆப் அப்படியே நின்றுபோகும்.

16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம், உங்கள் வாடிக்கையாளர் வைத்திருக்கிற மாதிரி ஒரு பழைய போன். மூன்று நாலு வருஷப் பழசு, 3 ஜிபி ராம், கீறல் விழுந்த திரை, அப்படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஆப் அந்தப் போனில் மூச்சு வாங்கும். அதை நீங்கள் பார்க்காவிட்டால் வாடிக்கையாளர் பார்ப்பார்.

இன்வெர்ட்டர் கட்டாயம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் மின்சாரத்தை நம்பி யாருக்கும் தேதி கொடுக்கக்கூடாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதிலிருந்து என் கோடு, அதாவது நான் எழுதும் நிரல், முழுவதும் அன்றன்றைக்கே வெளியே இணையத்தில் இருக்கும் ஒரு கிட் களஞ்சியத்துக்குப் போய்விடும். ஆப்பில் கையெழுத்திடும் கீஸ்டோர் கோப்பும் அதன் கடவுச்சொல்லும் வீட்டில் ஒரு பென்டிரைவிலும் வெளியே ஒரு இடத்திலும் தனியாக இருக்கின்றன.

அடுத்தது பெயர். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதாரில் பெயரோடு இனிஷியல் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், வங்கிப் பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிடத் திறக்கும் டெவலப்பர் கணக்கின் அடையாளச் சரிபார்ப்புக்கும் பணம் வந்து சேரவும் இவை ஒத்துப்போக வேண்டும். ஆப் தயாரான பிறகு இதைத் திருத்தக் கிளம்பினால் வாரக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். முதல் வாரமே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி மின்னஞ்சல், தனி சிம். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் டெவலப்பர் கணக்கைத் திறக்காதீர்கள், படிப்பு முடிந்தபின் அதை மூடிவிட்டால் உங்கள் கடைக்கு உங்களிடமே சாவி இருக்காது.

2. பணம் கொடுக்கப் போகிறவரைக் கண்டுபிடிப்பது

இந்தப் படிக்கு ஒரு மாதம் முழுசாக ஒதுக்குங்கள். கோடு ஒரு வரி எழுத வேண்டாம்.

டூ-டூ லிஸ்ட், செலவுக் கணக்கு, வானிலை என்று உலகத்தில் எல்லாரும் எழுதுவதை எழுதினால் உலகத்தோடு போட்டி போட வேண்டும். நம்மிடம் இருக்கிற சரக்கு வேறு. நெல் எந்த ஈரத்தில் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள், 40 கிலோ சிப்பத்துக்கும் வியாபாரி எடுக்கிற மூட்டைக்கும் கணக்கு எப்படி மாறும், வெற்றிலைக் கொடிக்கால்காரர் கவுளிக்கணக்கை எப்படி எழுதுகிறார், திருபுவனத்தில் தறிக்காரருக்கும் முதலாளிக்கும் நடுவில் முன்பணம் எப்படிக் கழிகிறது, இதெல்லாம் பெங்களூரில் இருப்பவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் சைக்கிளில் போய்க் கேட்டுவிடலாம்.

ஆப்பைத் தேடாமல் நோட்டைத் தேடுங்கள். யார் கையில் தினம் எழுதுகிற ஒரு நோட்டு இருக்கிறதோ, அந்த நோட்டால் யாருக்குச் சண்டை வருகிறதோ, அங்கே காசு இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது மாசி மாதம் ஒரு வயல் வரப்பில். சம்பா அறுவடை நேரம், சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்த மிஷின்கள் ஊரெல்லாம் நிற்கும். டிரைவர் ஒரு பாக்கெட் நோட்டில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பெயர் எழுதுவார். அன்றைக்குச் சாய்ந்து கிடந்த பயிர், மிஷின் இரண்டு தடவை சிக்கி நின்றது, நடுவில் டீசல் ஊற்றினார்கள். முடித்ததும் டிரைவர் சொன்ன நேரத்துக்கும் வயல்காரர் சொன்ன நேரத்துக்கும் 25 நிமிஷ வித்தியாசம். "மிஷின் நின்ன நேரத்துக்கும் நான்தான் குடுக்கணுமாண்ணே?" என்று அவர் கேட்டார். ஊர் ஏஜெண்டு நடுவில் புகுந்து பாதியைக் கழித்துவிட்டார். இரவு மிஷின் முதலாளி போனில் நோட்டைப் படிக்கச் சொல்லி வேறொரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரே கணக்கு மூன்று இடத்தில், மூன்று விதமாக.

அதற்கப்புறம் பதினோரு மிஷின் முதலாளிகளைப் பார்த்தேன். "இப்படி ஒரு ஆப் இருந்தா வாங்குவீங்களா?" என்று கேட்கக்கூடாது, நம் ஆட்கள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள், "செய்யுங்க தம்பி, நல்லாருக்கும்" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பி ஆறு மாதம் எழுதியவர்களை எனக்குத் தெரியும். போன சீசனில் இந்தக் கணக்குக் குழப்பத்தால் எவ்வளவு போச்சு, இப்போது இதற்கு யாருக்காவது சம்பளம் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் தொகையாக வந்தால் அங்கே ஆப்புக்கு இடம் இருக்கிறது. கடைசியில், "தை மாசம் தயாராயிடும், 500 ரூபாய் முன்பணம் குடுத்தா முதல் வருஷம் பாதி விலை" என்று சொல்லிப் பாருங்கள். பதினோரு பேரில் நாலு பேர் கொடுத்தார்கள். அந்த 2,000 ரூபாயை வைத்துத்தான் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

ஒருவரும் கொடுக்கவில்லை என்றால் வேறு நோட்டைத் தேடுங்கள். ஒரு மாதத்தோடு போச்சு, ஒரு வருஷம் போகவில்லை.

3. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுவது

வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்றால் வருஷத்துக்கு 3,60,000. சந்தா வருஷம் 1,200 ரூபாய் என்று வையுங்கள். பிளே ஸ்டோர் தன் பங்காக 15 சதவீதம் எடுத்தால் கையில் 1,020. அப்படியானால் 353 பேர் வேண்டும், வரி தனி. டெல்டா மாவட்டங்களில் அந்தத் தொழிலில் 353 பேர் இருக்கிறார்களா, அவர்களை நீங்கள் எட்ட முடியுமா என்று பாருங்கள். அந்த 15 சதவீதத்துக்கு நான் சேர்ந்தபோது பிளே கன்சோலில் (டெவலப்பர் கணக்கை நடத்தும் தளம்) அக்கவுண்ட் குரூப் ஒன்றை உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்யாமலே விட்டவர்கள் உண்டு.

இதே பணத்தை விளம்பரத்தில் எடுக்க நினைத்தால் கணக்கு வேறு. ஆயிரம் விளம்பரம் காட்ட 20 ரூபாய் வருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 30,000-க்கு 15 லட்சம் விளம்பரம் காட்ட வேண்டும். ஒருவர் தினம் ஐந்து பார்க்கிறார் என்றால், தினமும் தவறாமல் திறக்கிற 10,000 பேர் வேண்டும். தெரிந்த தொழில்காரர்கள் 353 பேரைத் தேடிப் போய்ப் பார்த்துவிடலாம். முகம் தெரியாத 10,000 பேரைத் தினம் வரவழைப்பது தனி ஆளால் ஆகிற காரியமாக எனக்குப் படவில்லை.

4. டெவலப்பர் கணக்கை எழுதத் தொடங்கும்போதே திறப்பது

பலர் ஆப் முடிந்தபின் திறக்கிறார்கள். சரிபார்ப்புக்கு ஆகும் நாளெல்லாம் அப்போது வீணாகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே திறந்தால் அந்தக் காத்திருப்பு செலவில்லாமல் ஓடிவிடும்.

பிளே கன்சோலுக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், மேக் கணினியும் வேண்டும். வயலிலும் மண்டியிலும் விற்கிற ஆப்புக்கு இப்போதைக்கு ஆண்ட்ராய்டு போதும், ஐபோன்காரர் யாராவது காசோடு வந்து கேட்கட்டும். கட்டணம் செலுத்தும் முன் வங்கி ஆப்பில் கார்டின் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள். 2020-க்குப் பிறகு கொடுத்த கார்டுகளில் அது அணைத்தே வரும், பணம் போகவில்லை என்று இரண்டு நாள் தவிக்கிறார்கள்.

முகவரி விஷயத்தில் வீட்டாரிடம் முன்பே பேசிவிடுங்கள். தனிநபர் கணக்கில் ஆப் மூலம் காசு வாங்கத் தொடங்கினால் உங்கள் முழு முகவரி பிளே ஸ்டோர் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டு முகவரி வெளியே தெரிவது பிடிக்காத குடும்பங்கள் உண்டு, முக்கியமாகப் பெண் டெவலப்பர்களுக்கு இது யோசிக்க வேண்டிய ஒன்று. கடை, அலுவலகம் என்று சரிபார்க்கக்கூடிய வேறு முகவரி இருந்தால் முதலிலேயே அதைக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு, இவற்றைப் பின்னால் மாற்றவே முடியாது. ஆப்பைப் பிளே ஸ்டோர் அடையாளம் காணும் பேக்கேஜ் பெயர் வெளியிட்ட பிறகு மாறாது. com.example என்று தொடங்கும் மாதிரிப் பெயரை அப்படியே விட்டால் ஏற்றவே முடியாது, நண்பனின் கம்பெனிப் பெயரைப் போட்டால் அவனோடு பிரிந்த பிறகும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அதேபோல், இலவசம் என்று ஒரு தடவை வெளியிட்ட ஆப்பைப் பின்னால் விலைக்கு மாற்ற முடியாது, உள்ளே சந்தாவாக வைக்கலாம், அவ்வளவுதான்.

5. முதல் பதிப்பில் ஒரே ஒரு வேலை

என் முதல் பதிப்பில் இருந்தது நாலு பொத்தான்: தொடங்கு, நிறுத்தம், தொடர், முடி. முடி என்றதும் தொகை, கீழே ரசீது. லாகின் கூட இல்லை. புதிதாக வருபவர்கள் லாகின், ப்ரொஃபைல், டார்க் மோடு என்று அலங்காரத்திலேயே இரண்டு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்த "நிறுத்தம்" பொத்தானுக்கு, டீசல் ஊற்றிய நேரத்தைக் கழிப்பதற்கு. அதைச் சரியாகச் செய்யுங்கள்.

கணக்கில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வாடகை மணிக்கு 2,400 ரூபாய் என்றால் நிமிஷத்துக்கு 40. ஒரு மணி 35 நிமிஷம் ஓடினால் 95 நிமிஷம், 3,800 ரூபாய். டிரைவர்கள் நோட்டில் 1.35 என்றுதான் எழுதுவார்கள். நானும் அதைப் பார்த்து அதே மாதிரி உள்ளிடும் கட்டம் ஒன்று வைத்து, அந்த 1.35-ஐ 2,400-ஆல் பெருக்கிவிட்டேன், 3,240 என்று காட்டியது. ஒரே வயலில் 560 ரூபாய் போச்சு. முதலாளி அன்றிரவே கண்டுபிடித்துக் கூப்பிட்டார். அதிலிருந்து நேரத்தை நிமிஷமாகத்தான் சேமிக்கிறேன், பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகச் சேமிக்கிறேன். கணக்குப் போடும் பகுதிக்கு மட்டுமாவது தானியங்கிச் சோதனை எழுதுங்கள். திரை கோணலாக இருந்தால் மன்னிப்பார்கள், காசு தப்பினால் ஆப்பைத் திரும்பத் திறக்க மாட்டார்கள்.

வயலில் சிக்னல் இருக்காது. எல்லாம் முதலில் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும், நெட் கிடைத்தபோது மேலே ஏறட்டும். "இணைப்பு இல்லை" என்று ஒரு தடவை திரை நின்றால் டிரைவர் பாக்கெட் நோட்டுக்குத் திரும்பிவிடுவார். வெயிலில் தெரிகிற நிறம், தூசிக் கையால் தொடுகிற அளவுக்குப் பெரிய பொத்தான், இரண்டையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெளியே போய் நின்று பாருங்கள்.

தமிழில் எழுதும்போது சொல் நீளும். "சேமிக்கவும்" என்று போட்டால் சின்னப் போனில் பொத்தானை விட்டு வழியும், "சேமி" போதும். வாடிக்கையாளர் பேசுகிற சொல்லையே போடுங்கள். "நிலுவை" என்று நான் போட்டிருந்ததைப் பார்த்து ஒருவர், "பாக்கின்னு போடுங்க தம்பி, டிரைவருக்குப் புரியணும்" என்றார். லட்சத்துக்கு 1,00,000 என்று நம் முறையில் கமா விழுகிறதா என்றும் பாருங்கள்.

ரசீது அச்சிட 58 மில்லிமீட்டர் புளூடூத் பிரிண்டர்தான் எல்லாரிடமும் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. உரையாக அனுப்பினால் கேள்விக்குறிகளும் கிறுக்கலும் வரும். ரசீதை 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்பினால் தமிழ் அழகாக வரும். இதற்கு எனக்கு நாலு நாள் ஆனது, உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியட்டும்.

போனின் எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதி கேட்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பிளே ஸ்டோர் அதை மிகச் சில வகை ஆப்புகளுக்கு மட்டுமே விடுகிறது. வங்கி எஸ்எம்எஸ்ஸை வைத்துக் கணக்கு எழுதும் ஆப் முடித்துவிட்டு நிராகரிப்பு வாங்கிய பிள்ளைகள் பலர். எந்தத் தரவை எடுக்கிறீர்களோ அதைப் பிளே ஸ்டோரின் டேட்டா சேஃப்டி படிவத்திலும் தனியுரிமைக் கொள்கையிலும் எழுத வேண்டும், ஆகவே தேவையில்லாததை எடுக்காமல் இருப்பதே உங்களுக்கு வேலை மிச்சம்.

6. 12 பேர், 14 நாள்

2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் வெளியிடும் முன், நீங்கள் சேர்த்த ஆட்களுக்கு மட்டும் ஆப்பைக் கொடுத்துப் பார்க்கும் மூடிய சோதனையை நடத்த வேண்டும் என்பது கூகுளின் விதி. முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்தே இருக்க வேண்டும். பத்தாம் நாள் இருவர் வெளியேறி எண்ணிக்கை குறைந்தால் காத்திருப்பு நீளும், அதனால் 18 பேரைச் சேருங்கள்.

இங்கே எல்லாரும் தடுக்குவது ஜிமெயிலில். உங்கள் பட்டியலில் ஒரு முகவரி இருக்கும், அவர் போனின் பிளே ஸ்டோர் மகன் திறந்து கொடுத்த வேறு முகவரியில் ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பைத் தொட்டால் ஆப் கிடைக்கவில்லை என்று வரும், அவர் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிடுவார். நேரில் போங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து மேல் மூலையில் எந்தக் கணக்கு என்று பார்த்து, அந்த முகவரியையே பட்டியலில் சேருங்கள். முதலில் சேரும் இணைப்பு, அதற்கப்புறம்தான் நிறுவும் இணைப்பு. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம், டீயோடு சேர்த்து.

பரஸ்பரம் சோதித்துக்கொள்ளும் டெலிகிராம் குழுக்களில் ஆள் பிடிக்காதீர்கள். 14 நாள் முடிந்ததும் என்ன கருத்து வந்தது, என்ன மாற்றினீர்கள் என்று கேள்வி கேட்பார்கள், திறந்தே பார்க்காத 12 பேரை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுத முடியாது. முன்பணம் கொடுத்த நாலு பேர், அவர்களுடைய டிரைவர்கள், ஒரு ஏஜெண்டு, உங்கள் சித்தப்பா என்று உண்மையாகப் பயன்படுத்துகிறவர்களாக இருக்கட்டும். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், அதுதான் உங்கள் பதில்.

7. விலையும் வசூல் காலமும்

மாதச் சந்தா நம் பக்கம் ஓடாது. டெல்டாவில் பணம் மாதா மாதம் வருவதில்லை. குறுவை அறுத்த பின் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு தடவை, சம்பா அறுத்த பின் தை முதல் பங்குனி வரை ஒரு தடவை வருகிறது. மேட்டூர் ஜூன் 12-க்குத் திறந்து தண்ணீர் வந்து உழவு, விதை, உரம் என்று போகிற நேரத்தில் கையிலிருப்பதெல்லாம் மண்ணில் இருக்கும். அப்போது சந்தா கேட்டால் ஆப்பைத்தான் நிறுத்துவார்கள்.

எனவே வருஷச் சந்தா, அல்லது சீசன் சந்தா. புதுப்பிக்கிற தேதி தை கடைசியில் விழுகிற மாதிரி முதல் வருஷத்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்துவிடுங்கள். புரட்டாசியில் சேருகிறவருக்கு நான் தை வரை இலவசமாக விடுகிறேன், குறுவையில் பழகிவிட்டால் சம்பாவுக்குக் காசு கொடுத்துவிடுகிறார்.

பிளே ஸ்டோரில் போட்ட ஆப்புக்குள் ஒரு வசதியைத் திறந்துவிடக் காசு வாங்கினால் அவர்களுடைய பில்லிங் விதிப்படிதான் வாங்க வேண்டும். 15 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொந்த க்யூஆர் கோடை உள்ளே ஒட்டாதீர்கள், ஆப்பே போய்விடும். சந்தாவுக்கு யுபிஐ ஆட்டோபே வசதி உண்டு, முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள்.

8. விளம்பரம் வைப்பதானால்

என் குழிக்கணக்கு ஆப்பில் மட்டும் விளம்பரம் உண்டு. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பத்திரத்தில் சென்ட் இருக்கும், அப்பா மாவில் சொல்வார், மா என்பது சுமார் 33 சென்ட் என்று பார்க்கத் திறந்து உடனே மூடிவிடுவார்கள். அதில் சம்பாத்தியம் குறைவு, ஆனால் அதன் வழியாகத்தான் மிஷின் ஆப்புக்கு ஆள் வருகிறது, அதற்காக வைத்திருக்கிறேன்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப்பில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். சாதாரணத் தபால், இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். மேலத்தெரு, கீழத்தெரு எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆகவே அஞ்சல், வழி, பின்கோடு எல்லாம் தபால்காரருக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வரும், மாதத்தில் 21-ஆம் தேதிக்குப் பிறகு.

எழுதும்போது சோதனை விளம்பர எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு கல்லூரிப் பையன் தன் விடுதி நண்பர்கள் எல்லாரையும் விளம்பரத்தைத் தொடச் சொன்னான், இரண்டு வாரத்தில் கணக்கு மூடப்பட்டது, சேர்ந்த காசும் போச்சு.

9. உள்ளூர் ஆர்டர்: எடுக்கலாம், இப்படி எடுங்கள்

சொந்த ஆப் நிற்கும் வரை அரிசி மில், டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் என்று ஆர்டர்கள்தான் அடுப்பெரிக்கும். ஒரு மண்டபத்துக்கு வாய்வார்த்தையில் ஆப் செய்து கொடுத்து எட்டு மாதம் நடந்தேன், பாதிப் பணம் இன்னும் வரவில்லை. தெரிந்தவர் என்பதால் எழுதி வாங்கவில்லை. தெரிந்தவர் என்றால்தான் கட்டாயம் எழுத வேண்டும், உறவு கெடாமல் இருக்க வேறு வழியில்லை.

ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். என்னென்ன திரை, எந்தத் தேதி, தொகை எவ்வளவு. தொடங்கும்போது 40 சதவீதம், அவர் போனில் ஓடும்போது 40, ஒரு மாதம் கழித்து 20. இரண்டாம் தவணை வராமல் பொதுவில் வெளியிடாதீர்கள். வருஷப் பராமரிப்புக்குத் தனித் தொகையை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் மாற்றினால்கூட உங்களைத்தான் கூப்பிடுவார்.

வாடிக்கையாளரின் ஆப்பை உங்கள் கணக்கில் ஏற்றாதீர்கள், 25 டாலரை அவரையே கட்டச் சொல்லி அவர் பெயரில் திறக்கச் செய்யுங்கள். அவர் நாளைக்கு விதி மீறி எதையாவது போட்டால், உங்கள் கணக்கு மூடப்பட்டு உங்கள் சொந்த ஆப்புகளும் சேர்ந்து போகும். எந்த மாதத்திலும் பாதி நாளுக்கு மேல் ஆர்டர் வேலைக்குக் கொடுக்காதீர்கள். நான் காலை வேளையைச் சொந்த ஆப்புக்கென்று வைத்திருக்கிறேன், மத்தியானத்துக்கு மேல்தான் மற்றவர் வேலை.

10. வரவு, வரி

முதல் ரூபாய் வரும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். தஞ்சாவூரோ கும்பகோணமோ, வெளிநாட்டு வரவு பார்த்த ஆடிட்டராக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வங்கி அது எதற்கு என்று பர்ப்பஸ் கோடு கேட்கும், வந்த வரவுக்கான சான்றை ஒவ்வொரு தடவையும் வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதற்குக் கீழே உங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்று அவரிடம் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அரசு தளத்தில் நீங்களே பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். 2,000, 3,000 வாங்கிக்கொண்டு செய்து தரும் தளங்கள் தேடலில் மேலே வரும், அங்கே போக வேண்டாம்.

11. வெளியிட்ட பிறகு

உதவி எண்ணாக அந்தத் தனி சிம்மைக் கொடுங்கள், நேரமும் சொல்லுங்கள். அறுவடை மாதங்களில் எனக்குக் காலை ஆறு முதல் இரவு பத்து வரை, மற்ற மாதங்களில் பத்து முதல் ஐந்து. அறுவடை நடக்கும்போது பெரிய அப்டேட் எதையும் விடாதீர்கள். போன வருஷம் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசீதின் வடிவத்தை மாற்றி விட்டேன், சனிக்கிழமை காலை பிரிண்டர் பாதிப் பேருக்கு வெற்றுத்தாளைத் தள்ளியது. இப்போதெல்லாம் முதலில் பத்து சதவீதம் பேருக்கு மட்டும் விட்டு, மூன்று நாள் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு.

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 31 வாக்கில் டார்கெட் ஏபிஐ அளவை, அதாவது ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டது என்று குறிக்கும் எண்ணை, உயர்த்தியிருக்க வேண்டும். விட்டால் அப்டேட் ஏற்ற முடியாமல் போகும், பழையதாகவே கிடந்தால் புதுப் போன்காரர்களுக்கு ஆப் தெரியாமலும் போகும். ஆடிப்பெருக்கு வந்தால் எனக்கு இந்த வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும். மிஷின்கள் ஷெட்டில் இருக்கும், போன் அதிகம் வராது, இரண்டு வாரம் ஒதுக்கி லைப்ரரிகளை எல்லாம் புதுப்பித்து, பழைய போனில் முழுசாக ஓட்டிப் பார்த்து, குறுவை அறுவடைக்கு முன் ஏற்றிவிடுவேன்.

இரண்டாவது ஆப் எப்போது என்று கேட்கிறார்கள். முதல் ஆப்பில் புதுப்பிக்கும் காலம் ஒன்று முடியட்டும். போன தையில் காசு கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தையில் திரும்பக் கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் திரும்பவில்லை என்றால், அந்த மாசி மாதம் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் வரப்புக்கே போய்ப் பார்த்து, ஏன் நிறுத்தினார் என்று கேட்டு வர வேண்டும். இரண்டாவது ஆப் அதற்கப்புறம்.